நபாத்தியரின் வளமைத் தெய்வங்கள்: எழுதுவோரும் படிப்போரும் தடுக்கி விழும் இடங்கள்

ஜோர்தானின் தென்பகுதியில், வாதி அல்-ஹசா பள்ளத்தாக்கைப் பார்த்தபடி தனியாக நிற்கிறது ஒரு குன்று. அதன் உச்சியில் உள்ள கிர்பத் அத்-தன்னூர் கோயிலை 1937இல் நெல்சன் குளூக் தோண்டியபோது பெண் தெய்வம் ஒன்றின் மார்பளவுப் புடைப்புச் சிற்பம் கிடைத்தது. நெற்றி, கன்னம், கழுத்து, மார்பு என எங்கும் இலைகள் ஒட்டிக் கிடக்கின்றன. முகத்தைச் சுற்றிக் கொடியும் அத்தியும் மாதுளையும். பார்த்த மாத்திரத்தில் ‘வளமைத் தெய்வம்’ என்று வாய் சொல்லிவிடும். அதில் பெரிய பிழை இல்லை. அடுத்த வாக்கியத்தில்தான் வண்டி தடம் புரளும். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் இங்கே வந்தார்கள், கோயிலோடு சேர்ந்த கணிகையர் இருந்தார்கள், கருவறையில் கூடல் சடங்கு நடந்தது என்று கட்டுரை ஓட ஆரம்பிக்கும். அந்தக் குன்றில் கிடைத்த எதுவும் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

நபாத்தியர் அரபுப் பெயர்களை வைத்துக்கொண்டு அரமேய எழுத்தில் எழுதிய வணிகர்கள். தலைநகரம் பெட்ரா. தெற்கே ஹெக்ரா, வடக்கே பொஸ்ரா வரை அவர்கள் கை நீண்டிருந்தது. கி.பி. 106இல் பேரரசர் டிராஜன் காலத்தில் அந்த அரசை ரோம் விழுங்கியது. தங்கள் சமயத்தைப் பற்றி அவர்களே எழுதிய நூல் ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. இருப்பவை நான்கு வகைச் சான்றுகள்: சில வரிக் கல்வெட்டுகள், சிற்பங்களும் செதுக்கிய கற்களும், கோயில் தரையிலும் பீடத்திலும் எஞ்சிய சாம்பலும் எலும்பும் பாண்டமும், கடைசியாக வெளியூர்க்காரர்கள் கேட்டு எழுதிய செய்திகள். இந்த நான்குக்கும் ஒரே எடை கிடையாது. நான்கையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதில்தான் கீழே சொல்லும் தவறுகளில் பாதி பிறக்கிறது.

விளைச்சலா, பிள்ளைப்பேறா?

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. ஆங்கிலத்தில் வயலின் விளைச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஒரே சொல் புழங்குகிறது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. விளைச்சல் வேறு, மகப்பேறு வேறு என்று நம் மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனாலும் மொழிபெயர்க்கும்போது ‘கருவளத் தெய்வம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல் வயலைக் கருப்பையாக மாற்றிவிடுகிறது.

தன்னூரில் கிடைத்ததை வரிசையாகப் பாருங்கள். இலை போர்த்த தெய்வம் ஒன்று. கதிர்களோடு ஒரு தெய்வம். தலையில் இரண்டு டால்ஃபின்களோடு இன்னொரு தெய்வம். பலிபீடப் பகுதியில் ஆடு, மாடுகளின் கருகிய எலும்பும் கருகிய தானியமும். இவற்றோடு சிற்பத்தைவிட உறுதியான சான்று ஒன்றும் உண்டு. ஜைதேலின் மகன் நதீரேல் என்பவர் வைத்த கல்வெட்டு அது. அரசன் நான்காம் அரேத்தாசின் 2ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 8/7இல், அரசனின் நலனுக்காகவும் அரசி ஹுல்துவின் நலனுக்காகவும் தாம் கட்டியதாக அவர் எழுதியிருக்கிறார். தம்மை அவர் சொல்லிக்கொள்ளும் பதவிதான் முக்கியம்: ‘லஅபான் ஊற்றின் தலைவர்’. ஊற்றைப் பொறுப்பில் வைத்திருந்தவர் குன்றின் மேல் உள்ள கோயில் வேலைக்குக் கொடை தருகிறார். இந்தக் கோயில் எதற்காக என்று கேட்டால் இதைவிட நேரான பதில் கிடைப்பது அரிது. நீர், அதனால் விளையும் கதிர்.

இடமும் அதையேதான் சொல்கிறது. குன்றின் உச்சியில் ஊற்று இல்லை, ஊரும் இல்லை. ஏற ஒரே பாதை, அதுவும் செங்குத்து. அன்றாடம் விளக்கேற்றிக் கும்பிடும் தெருக்கோயிலாக இது இருந்திருக்க முடியாது. நாள் குறித்து, தண்ணீரும் மாவும் ஆட்டையும் கொண்டு ஏறிவந்து, சமைத்து உண்டு இறங்கும் இடம். அரைக்கும் கற்களும் சமையல் பாண்டங்களும் அங்கேயே கிடைத்திருக்கின்றன. சுமார் 7 கிலோமீட்டர் தெற்கே கிர்பத் அத்-தரீஹ் என்ற கிராமமும் அதற்கென ஒரு கோயிலும் இருந்தன. தன்னூருக்கு ஏறிவந்தவர்களில் ஒரு பகுதியினர் அங்கிருந்து வந்திருக்கலாம்.

எந்த நாளில் வந்தார்கள் என்பதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அதையும் சரியான அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே கிடைத்த இராசி வட்டத்தின் நடுவே கோட்டை மகுடம் தரித்த டைக்கி, அதாவது ஊரின் நற்பேற்றுக்கான கிரேக்கத் தெய்வம், இருக்கிறாள். வட்டத்தைக் கீழே ஒரு சிறகுப் பெண் தாங்குகிறாள். வழக்கமான இராசி வட்டத்தில் பன்னிரண்டும் ஒரே திசையில் சுற்றும். இங்கே அப்படி இல்லை. மேஷம் உச்சியில் தொடங்கி இடப்பக்கமாகக் கன்னி வரை இறங்குகிறது. துலாம் மறுபடி உச்சியில் தொடங்கி வலப்பக்கமாக மீனம் வரை இறங்குகிறது. ஆண்டை இரண்டாகப் பிளந்து வைத்ததுபோல் இருக்கிறது. வசந்தத்தில் ஒரு புத்தாண்டு, இலையுதிர் காலத்தில் ஒன்று என இரண்டு விழா நடந்தது என்பது குளூக்கின் ஊகம். நல்ல ஊகம்தான். அந்நிலத்தில் இலையுதிர் கால மழைக்குப் பிறகு விதைப்பு, வசந்தத்தில் அறுவடை. இரண்டு பாதிக்கும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ‘ஆண்டுக்கு இரண்டு முறை திருவிழா நடந்தது’ என்று உறுதியாக எழுதிவிட்டால் தவறு. கல் சொல்வது இராசிகளின் அடுக்கை மட்டும். திருவிழா நம்முடைய கணிப்பு. ‘நடந்திருக்கலாம்’ என்று ஒரு சொல்லைக் கூட்டினால் கட்டுரை கெட்டுவிடாது.

பெட்ராவில் கிடைக்கும் சிறு சுடுமண் பெண் உருவங்களும் இதே கதைதான். கையை உயர்த்தி அமர்ந்த நிர்வாணப் பெண் என்றால் உடனே ‘கருவளப் பொம்மை’ என்று பெயர் சூட்டுகிறார்கள். எந்தப் பொம்மையிலும் பெயர் எழுதியில்லை. வீட்டில் கிடைத்ததா, கல்லறையிலா, குப்பையிலா என்று இடத்தைச் சொல்லாமல் பயனை மட்டும் சொல்லும் வாக்கியத்தை நம்பாதீர்கள்.

பெயர் சூட்டுவதில் அவசரம்

தன்னூரின் பெண் தெய்வம் அட்டர்காட்டிஸ் என்று எண்ணற்ற பக்கங்களில் படிப்பீர்கள். அட்டர்காட்டிஸ் வட சிரியாவின் மன்பிஜ் ஊர்த் தெய்வம், மீனோடு சேர்த்துச் சொல்லப்படுபவள். டால்ஃபினைப் பார்த்ததும் குளூக் அந்தப் பெயரைச் சூட்டினார். தன்னூரில் கிடைத்த கல்வெட்டு எதிலும் அந்தப் பெயர் இல்லை. அங்கே எழுத்தில் உள்ள தெய்வப் பெயர் கோஸ். அந்தத் தெய்வத்துக்கு ஒருவர் கல் வைத்திருக்கிறார். கோஸ், நபாத்தியருக்கு முன் அந்நிலத்தில் வாழ்ந்த ஏதோமியரின் பழைய கடவுள், ஆண் தெய்வம்.

அட்டர்காட்டிஸ் நபாத்தியருக்குத் தெரியாதவளா? தெரிந்தவள்தான். பெட்ராவின் வாதி அஸ்-சிய்யாகில், பாறையில் செதுக்கிய ஒரு சதுரக் கல்லில் ‘மன்பிஜின் அட்டர்காட்டிஸ்’ என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். ‘வெளியூர்ச் சாமி’ என்று அவர்களே அடையாளம் காட்டுகிறார்கள். அவள் வடிவத்தையும் பாருங்கள்: மீனும் இல்லை, சிங்கமும் இல்லை, தட்டையான கல்லில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் மட்டும். சிற்பத்தை வைத்துப் பெயர் சொல்பவர்கள் இந்தக் கல்லின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பது நல்லது.

பெட்ராவின் சிறகுச் சிங்கக் கோயில் இன்னொரு பாடம். அங்கே கிடைத்த முகக்கல் ஒன்றின் அடியில் ‘நய்பத்தின் மகன் ஹய்யானின் தெய்வம்’ என்று எழுதியிருக்கிறது. அதாவது, தெய்வத்தின் பெயரை விட்டுவிட்டு வழிபட்டவரின் பெயரை எழுதியிருக்கிறார்கள்! அல்-உஸ்ஸா, ஐசிஸ், அல்லாத், அட்டர்காட்டிஸ் என ஆளுக்கொரு பெயர் முன்மொழியப்பட்டாயிற்று. பெண் தெய்வம் என்பது மட்டும் எழுத்தில் உறுதி.

பெண் தெய்வம் என்றாலே வளமைதான் என்று எடுத்துக்கொள்வது இதன் தம்பித் தவறு. அல்-உஸ்ஸாவைக் கிரேக்கர் தங்கள் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி என்றார்கள். கோஸ் தீவில் கி.பி. 9ஆம் ஆண்டின் இருமொழிக் கல்வெட்டு இதற்குச் சான்று. (இந்தத் தீவின் பெயரும் மேலே சொன்ன ஏதோமியக் கடவுளின் பெயரும் தமிழில் ஒன்றுபோல் விழுகின்றன, குழம்ப வேண்டாம்.) அல்லாத்தை அதீனாவோடு இணைத்தார்கள், அதீனா போர்க்கோலத் தெய்வம். மனாத்துவை ஹெக்ரா கல்லறை வாசல்களில் சந்திக்கிறோம். வாஇலத்தின் மகள் கம்கம் தமக்கும் தம் மகளுக்குமாகக் கட்டிய கல்லறையில், கி.மு. 1ஆம் ஆண்டில், அதை விற்பவரையும் அடகு வைப்பவரையும் நபாத்தியரின் தலைமைத் தெய்வம் துஷாராவும் அல்லாத்தும் மனாத்துவும் சபிக்கட்டும் என்று எழுதியிருக்கிறது. சாபத்தோடு விடவில்லை, மீறினால் பூசாரிக்கு அரேத்தாசின் நாணயத்தில் 1,000 செலா தண்டம். மனாத்து இங்கே செய்வது பத்திரப் பதிவுக் காவல். இதில் வளமையை எங்கே தேடுவது?

குர்ஆனில் அல்லாத், உஸ்ஸா, மனாத் மூவரும் சேர்ந்து பெயர் பெறுகிறார்கள். அதனால் ‘மூன்று சகோதரிகள்’, ‘மூன்று மகள்கள்’ என்ற குடும்பப் படத்தை 600 ஆண்டு பின்னோக்கி எடுத்துப்போய்ப் பெட்ராவில் மாட்டுகிறார்கள். நபாத்தியக் கல்வெட்டுகளில் அப்படி ஒரு குடும்ப மரம் கிடையாது. துஷாராவின் மனைவி யார், தாய் யார் என்று அடித்துச் சொல்லும் பக்கத்தைக் கண்டால் மூடிவிடலாம்.

கல்லைப் பார்க்கும் முறை

தமிழ் வாசகர் பக்கம் அடிக்கடி வருவது இது: ‘அரேபியாவில் சிவலிங்கம்!’ பெட்ராவின் பாறை மாடங்களில் நிற்கும் நெட்டைக் கற்களின் படத்தைப் போட்டு, கீழே இந்த வரி. நபாத்தியத் தெய்வக் கல் பெரும்பாலும் தட்டையான செவ்வகப் பலகை. உருண்ட பாணம் இல்லை, ஆவுடையார் இல்லை. கல் நிற்கும் மேடைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மோதப்’, பொருள் இருக்கை. கல்லறைச் சாபங்களில் ‘துஷாராவும் அவன் மோதபும்’ என்று மேடையையும் சேர்த்தே அழைக்கிறார்கள். சில கற்களில் வெறும் கண்ணும் மூக்கும் உண்டு. ஆண்குறிப் பொருள் தரும் எழுத்து எந்தக் கல்லிலும் இல்லை.

துஷாராவின் கல் எப்படி இருந்தது என்பதற்குச் சுவிடா என்னும் பைசாந்திய அகராதி அளவே தருகிறது: கருங்கல், சதுரம், செதுக்காதது, உயரம் 4 அடி, அகலம் 2 அடி, கீழே பொன் பூசிய பீடம், பலியிட்ட விலங்கின் குருதியை அதன் மேல் ஊற்றுவார்கள். அருமையான குறிப்பு. ஆனால் அந்த அகராதி 10ஆம் நூற்றாண்டினது. பெட்ரா அரசு விழுந்து எண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இன்னொன்று: அந்தப் பதிவின் தலைப்பு ‘தெயுஸ் ஏரஸ்’. துஷாரஸ் என்ற ஒரே பெயரைத் ‘தெய்வம் ஏரஸ்’ என்று இரண்டாக உடைத்து, கிரேக்கப் போர்க் கடவுளாக்கி விட்டார்கள். பெயரையே தவறாக உடைத்த பதிவின் மற்ற விவரங்களை எவ்வளவு நம்பலாம் என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். மேற்கோள் காட்டுவதில் தடையில்லை, நூற்றாண்டையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பெட்ராவின் உயர்பலி மேடைக்கு ஏறும் வழியில், மலையைச் சுற்றிலும் வெட்டி இறக்கிவிட்டு நடுவில் விட்டுவைத்த இரண்டு கற்றூண்கள் சுமார் 6 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அந்த இடத்துக்கு உள்ளூர் அரபியில் ஸிப் அதூஃப் என்று பெயர்; முதல் சொல்லுக்கு ஆண்குறி என்று பொருள். வழிகாட்டி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், கேட்டவர் ‘நபாத்தியரின் லிங்க வழிபாடு’ என்று எழுதிவிடுவார். அந்தப் பெயர் பின்னாளில் அங்கு வாழ்ந்தவர்கள் வைத்தது. நபாத்தியர் அந்தத் தூண்களை என்னவென்று அழைத்தார்கள் என்பதற்கு அவற்றில் ஓர் எழுத்தும் இல்லை.

கல் விஷயத்தில் இன்னொரு குழப்பம், நம் மொழியில் சொன்னால் எளிதாகப் புரியும். தெய்வக் கல் வேறு, நடுகல் வேறு. நபாத்தியரிடமும் அப்படித்தான். இறந்தவர் நினைவாக வைப்பது ‘நெஃபெஷ்’: அடியில் மேடை, மேலே கூராகக் குறுகும் தூண், பல சமயம் இறந்தவர் பெயரும் இருக்கும். தெய்வத்துக்கு வைப்பது ‘நெசிப்’ அல்லது ‘மஸ்கிதா’. விழுந்து வணங்குதல் என்ற வேரிலிருந்து வந்த சொல், பள்ளிவாசலைக் குறிக்கும் மஸ்ஜிதும் அதே வேர்தான். படம் எடுக்கும்போது மேல் முனையைப் பாருங்கள். கூராக இருந்தால் நடுகல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். நடுகல்லை வளமைத் தெய்வமாக்கி எழுதியவை ஏராளம்.

அடுத்த வீட்டுச் சடங்கைக் கடன் வாங்குதல்

நபாத்தியச் சடங்கைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் கட்டுரை நிறையாது. உடனே மன்பிஜ் கோயிலைப் பற்றி 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய வருணனையைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். தம்மைத் தாமே விதையடித்துக்கொள்ளும் பூசாரிகள், புனித மீன்குளம், ஆண்டுக்கு இரண்டு முறை ஒருவர் ஏறி 7 நாள் தங்கும் பெருந்தூண் எல்லாம் அங்கே உண்டு. அது மன்பிஜ், வட சிரியா. தன்னூரில் குளமும் இல்லை, அப்படி ஒரு தூணும் இல்லை. கோயில் கணிகையர் கதை அதற்கும் அப்பால், பாபிலோனைப் பற்றி ஹெரோடோட்டஸ் எழுதியதிலிருந்து வருகிறது. அங்கேயே அது உண்மையா என்பது பெரும் தகராறு. நபாத்தியர் தலையில் அதைக் கட்ட ஒரு சான்றும் இல்லை.

நரபலிக்கும் இதே பதில். ஆண்டுதோறும் ஒரு சிறுவனைப் பலியிட்டுப் பீடத்தின் கீழ் புதைத்தார்கள் என்று கிரேக்கத் தத்துவ அறிஞர் போர்ஃபிரி எழுதியது தூமா மக்களைப் பற்றி. தூமா வட அரேபியப் பாலைச்சோலை. பெட்ரா உயர்பலி மேடையில் பாறையில் குடைந்த வட்டத் தொட்டியையும் வடிகாலையும் காட்டி ‘இங்கேதான் மனித ரத்தம் ஓடியது’ என்பது வெறும் சுற்றுலாப் பேச்சு. ஆடு, மாடு வெட்டினாலும் கழுவ வடிகால் வேண்டும்.

‘துஷாரா டிசம்பர் 25இல் கன்னிக்குப் பிறந்தவன்’ என்ற பரவலான வரிக்கும் ஒரு வேர் இருக்கிறது, அதுவும் கோணலானது. 4ஆம் நூற்றாண்டில் பிஷப் எபிஃபானியஸ், பெட்ராவிலும் எலூசாவிலும் ஒரு கன்னியையும் அவள் மகன் துஷாரஸையும் அரபு மொழியில் பாடி வணங்குவதாக எழுதினார். அவர் சொல்லும் இரவு ஜனவரி 5க்கும் 6க்கும் இடைப்பட்டது. டிசம்பர் எங்கும் இல்லை. கன்னி என்பதற்கு அவர் தரும் அரபுச் சொல், கனசதுரத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒட்டி வருகிறது. சதுரக் கல்லைப் பற்றிக் கேட்டதை அவர் கன்னி என்று புரிந்துகொண்டாரோ என்று நெடுங்காலமாகவே ஐயம் உண்டு. அதோடு, அரசு போய் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, எதிர் மதத்தைக் கண்டிக்க எழுதிய நூல் அது. சாட்சி சொல்பவர் யார் என்று பார்க்காமல் சாட்சியத்தை எடுக்கக் கூடாது.

விருந்தை மறப்பது

சடங்கு என்றதும் எல்லோரும் பலியையே தேடுகிறார்கள். நபாத்தியர் விஷயத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த சடங்கு சாப்பாடு. பலரும் இதைத்தான் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ தரும் கணக்கு: பந்திக்கு 13 பேர், பந்திதோறும் பாடும் பெண்கள் 2 பேர். அரசனின் விருந்தில் யாரும் 11 கிண்ணத்துக்கு மேல் குடிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் வேறு பொற்கிண்ணம். பெட்ராவில் இந்தப் பந்தி நடந்த அறைகளை இன்றும் பார்க்கலாம். மூன்று பக்கச் சுவரை ஒட்டி உயர்ந்த திண்ணை, நான்காவது பக்கம் வாசல், நடுவில் பள்ளமான தரை. திண்ணையில் சாய்ந்து படுத்து உண்பார்கள். பரிமாறுபவர் நடுவில் நடப்பார். மூன்று திண்ணையும் நடுத்தரையும் கண்டால் உடனே கல்லறை என்று எழுதாதீர்கள். கல்லறை என்றால் சுவரில் பிணக்குழி இருக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதும் உண்டு, இறந்தவர் நினைவாக விருந்து நடப்பதால். இந்தப் பந்திக் குழுவுக்கு ‘மர்ஸேஹா’ என்று பெயர். தெய்வமாக்கப்பட்ட அரசன் ஒபோதாசின் பெயரிலேயே பெட்ராவில் ஒரு மர்ஸேஹா இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தன்னூர்க் கோயிலின் முற்றத்தை ஒட்டியும் இத்தகைய திண்ணை அறைகள் உண்டு. பலியிட்ட ஆட்டின் ஒரு பங்கு பீடத்தில் எரிய, மற்றது இங்கே பந்திக்கு வந்திருக்கும்.

மதுவிலும் இரண்டு பக்கமும் கால் இடறும். கி.மு. 312ஐ ஒட்டிய செய்தியைத் தரும் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், நபாத்தியர் விதைப்பதில்லை, மரம் நடுவதில்லை, மது குடிப்பதில்லை, வீடு கட்டுவதில்லை, மீறினால் மரண தண்டனை என்கிறார். ஸ்ட்ராபோ எழுதுவது சுமார் 300 ஆண்டு கழித்து, அவர்கள் கல் வீட்டில் வாழ்ந்து கிண்ணம் எண்ணிக் குடித்த காலத்தை. இரண்டையும் அருகருகே வைத்து ‘நபாத்தியர் மது அருந்த மாட்டார்கள், ஆனால் விருந்தில் அருந்துவார்கள்’ என்று எழுதினால் அது முரண் இல்லை, கால மயக்கம். பயிர்த் தெய்வங்கள் கோயில்களில் பெருகும் காலமும் இந்த இரண்டாம் காலம்தான் என்பதை மறக்கக் கூடாது. விதைக்காத மக்களுக்குக் கதிர்த் தெய்வம் எதற்கு? துஷாராவைக் கிரேக்கரின் மதுக்கடவுள் டயோனிசஸாக மட்டும் பார்ப்பவர்களுக்கு எதிர்ச்சாட்சி ஒன்றும் உண்டு. கி.பி. 132இல் பால்மைராவில் ஒரு நபாத்தியக் குதிரைவீரர் ஷை அல்-கவ்ம் என்ற தெய்வத்துக்குப் பீடம் வைத்தார். அந்தத் தெய்வத்துக்கு அவர் தந்த அடைமொழி, ‘மது அருந்தாதவன்’.

தமிழாக்கத்தில் நுழையும் சாமான்

‘கருவறை’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம் கோயிலுக்கு அது பொருத்தமான சொல். வளமைத் தெய்வக் கட்டுரையில் வந்தால், சொல்லிலேயே கரு இருப்பதால், ஆதாரமில்லாமல் ஒரு பொருள் உள்ளே புகுந்துவிடுகிறது. ‘உள்ளறை’ போதும். சிறகுச் சிங்கக் கோயிலில் உள்ளறையின் நடுவே தூண்கள் சூழ்ந்த உயர்மேடை இருக்கிறது. அந்த அமைப்பைக் ‘கருவறை’ என்றால் வாசகர் மனத்தில் இருட்டறையும் ஒற்றை வாசலும் வந்து நிற்கும். ‘பலிபீடம்’ என்றால் நமக்குக் கொடிமரத்தருகே சோற்றுருண்டை வைக்கும் சிறு கல். நபாத்தியரது, படி ஏறிச் சென்று எரிக்கும் மேடை. தன்னூரில் அதை மூன்று கட்டமாகப் பெரிதாக்கிக் கட்டியிருக்கிறார்கள். முதல் முறை எழுதும்போது ‘எரிபலி மேடை’ என்று சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் வராது. குருதி ஊற்றுவதை ‘அபிஷேகம்’ என்று எழுதுவதும் வேண்டாம்.

நபாத்தியர் அன்றாடம் வீட்டு மாடியில் சூரியனுக்குப் பீடம் வைத்துப் பானம் வார்த்துத் தூபமிட்டார்கள் என்று ஸ்ட்ராபோ சொல்வதில், அந்தத் தூபத்தைச் ‘சாம்பிராணி’ என்று மாற்றிவிடுகிறார்கள். சாம்பிராணி தென்கிழக்காசிய மரத்துப் பிசின். தென் அரேபியாவிலிருந்து ஒட்டக முதுகில் பெட்ரா வழியாகப் போனது குந்துருக்கம். அந்த வணிகத்தில் வாழ்ந்த மக்களின் தூபத்தில் சரக்கையே மாற்றிவிடுவது கொஞ்சம் அநியாயம்.

ஆண்டுக் கணக்கில் ஒரு சின்னப் பொறி. அரேத்தாசின் முதலாண்டு கி.மு. 9/8. ஆண்டு வசந்தத்தில் தொடங்குவதால் இரண்டு எண். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழியம் கிடையாது. கம்கம்மின் கல்லறை 9ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1, கோஸ் தீவுக் கல்வெட்டு 18ஆம் ஆண்டு, கி.பி. 9. வெறுமனே 18இலிருந்து 9ஐக் கழித்தால் இந்த 9 சரியாக வரும். ஆனால் அதே வேகத்தில் 9இலிருந்து 9ஐக் கழித்தால் ‘கி.பி. 0’ என்று ஓர் ஆண்டு முளைக்கும்.

தன்னூரின் இராசி வட்டத்தை நேரில் பார்க்கக் கிளம்புபவர்களுக்கு ஒன்று: அந்தச் சிற்பம் உடைந்த நிலையில் இரண்டு நாட்டில் இருக்கிறது, ஒரு பகுதி ஜோர்தானில், மற்றது அமெரிக்காவின் சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில். முழுதாக ஒட்டிய படம் கண்ணில் பட்டால், அது வார்ப்பா, ஒட்டிய படமா, இரண்டும் ஒன்றாக வைக்கப்பட்ட காட்சியா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் மேஷம் எந்தப் பக்கம் என்று எண்ணத் தொடங்குங்கள். படத்தை இடவலம் திருப்பிப் போட்டிருந்தால் எண்ணிக்கை தலைகீழாகிவிடும்.